உறையை உரித்த பிறகும் கேட்க வேண்டும்

நவம்பர் 10, திங்கள்

ஏறிவிட்டது. என் நிரலைக் கர்னல் ஏற்றுக்கொண்டது. பாலக்காட்டு ஆபீஸிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே சிரித்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த அக்கா, "ஏனுங் அம்மணி, போன்ல ஏதாச்சும் காமெடிங்களா?" என்றார். போன் பைக்குள் இருந்தது. "ஒன்னுமில்லீங்க" என்றேன். இதை எப்படி விளக்குவது?

இங்கே விளக்கிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரின் அடித்தளம் கர்னல். அங்கே ஒரு தப்பு நடந்தால் மெஷினே படுத்துவிடும். அதனால் நம் நிரலை உள்ளே விடும் முன் வெரிஃபையர் வரிவரியாகப் பார்க்கும். நெட்வொர்க்கில் வரும் தகவல் பொட்டலத்தில், அதாவது பாக்கெட்டில், ஒரு பைட்டைத் தொடுவதென்றால், அது பாக்கெட்டின் முடிவுக்குள்தான் இருக்கிறதா என்று நிரல் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடும். என்னைவிடப் பயந்த சுபாவம். எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டும். ஏறினால் கர்னல் அணியிலேயே நிரந்தரம். இல்லையென்றால் டெஸ்டிங் பக்கம் மாற்றிவிடுவார்கள். டீம் லீட் சிஞ்சு சேச்சி முன்பே சொல்லிவிட்டார்.

நவம்பர் 11

"பாசாயிடுச்சா கண்ணு?" என்றாள் அம்மா. பரீட்சை என்று நினைத்திருக்கிறாள். "ஆயிடுச்சும்மா" என்றேன். பொய் இல்லையே.

நவம்பர் 12, புதன்

ஜெகன் அண்ணன் என் நிரலைப் பார்த்தார். பள்ளிவாசல் என்ற தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவர், அணியில் மூத்தவர். அவர் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

"ஏம்மா, ஒரே கேள்விய ரெண்டு எடத்துல கேட்டு வச்சிருக்க? கர்னலுக்குக் காது கேக்காதா? கீழ உள்ளத எடுத்துரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆனால் அது ஒரே கேள்வி இல்லை. நடுவில் பாக்கெட்டின் வெளி உறையை உரிக்கிறேன். உரித்ததும் அதன் தொடக்கம் நகர்ந்துவிடும். முன்பு குறித்து வைத்த இடங்கள் எதுவும் செல்லாது. தொடக்கம் எங்கே, முடிவு எங்கே என்று மறுபடி குறித்து, மறுபடி கேட்டால்தான் உள்ளே இருக்கும் முகவரியைப் படிக்க முடியும்.

இதைச் சொன்னேனா? "சரிங்கண்ணா" என்றேன். எடுத்தும்விட்டேன். ஏன் எடுத்தேன்? எங்க ஊட்டுல பெரியவங்க எது சொன்னாலும் வாயில அதுதான வருது—

நவம்பர் 13, வியாழன்

ஒத்திகையில் ஏறவில்லை. நான் பயந்த அதே இடத்தில் வெரிஃபையர் திருப்பி அனுப்பியது.

"மோளே, திங்கக்கிழம ஏறினதல்லே? இப்ப எந்தா ஆச்சு?" என்றார் சிஞ்சு சேச்சி. "நாளைக்கு இத விட்டுட்டு, டீம்ல முன்னாடி இருந்த பழைய நிரலையே காட்டிக்கலாம், அல்லே?"

காது சுட்டது. பிறகு ஒரு குரல் கேட்டது. என்னுடையது.

"வேண்டாங் சேச்சி. அந்த ரெண்டாவது கேள்வி இருந்தே ஆகோணுங்க. ஜெகன் அண்ணன் சொன்னது தப்புங்க."

சொல்லியாகிவிட்டது. இனி உட்கார முடியாது. எழுந்து போர்டில் பாக்கெட்டை வரைந்தேன். உறையை அழித்தேன். பழைய அம்புக்குறி வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஜெகன் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, ஆமால்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நேத்தே தெரியுமா ஒனக்கு?"

தலையாட்டினேன்.

"கர்னலே என் மூஞ்சிக்கு நேரா முடியாதுங்குது. ஒனக்கு என்னம்மா கூச்சம்?"

எடுத்த வரிகளைத் திரும்பப் போட்டேன். ஏறியது. தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் ஏற்றிப் பார்த்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஏறியது! பாக்கெட்டுகள் பாய்ந்து ஓடின. வாடிக்கையாளர் ஒரு சந்தேகம் கேட்டார். யாரும் தள்ளிவிடாமலே நான் பதில் சொன்னேன். முழு வாக்கியங்களில். எங்கள் ஊரான மீனாட்சிபுரத்தில் இறங்க மறந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் இறங்கித் திரும்ப நடந்தேன். எல்லை தாண்டியதற்காக வெரிஃபையர் போல எனக்கு யாரும் பிழைச் செய்தி அனுப்பவில்லை.

டிசம்பர் 3, புதன்

கர்னல் அணியில் நிரந்தரமாகிவிட்டேன். இன்று ஜெகன் அண்ணன் எழுதிய நிரலைச் சேச்சி என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஆறு இடங்களில் 'இது கூடாது' என்று குறித்தேன். ஐந்து அவசியம். ஆறாவது, சும்மா ஆசைக்கு.

பெரியவர் ஒருவரிடம் 'கூடாது' என்று சொன்ன பிறகும் மதியம் நன்றாகப் பசித்தது.