நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

அன்புள்ள அண்ணா,

வியாழக்கிழமை நடந்த கூட்டத்தில் "தெரியாது" என்று நான் சொல்லவில்லை. உனக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நீ நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலையை விட்டுப் போனதிலிருந்து ஒன்பது மாதமாக யாருடைய போனையும் நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. "அவன்கிட்ட சொல்லாதே, அவனா கேக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். நீ எழுதிய நம் 'உரியவர் யாரோ' தொடரின் அடுத்த சீசனுக்குச் சேனல் பணம் ஒதுக்கவில்லை. அந்தத் தொகை பாட்டுப் போட்டிக்குப் போகிறது. ஒரு ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தை வைத்து மூன்று சீசன் ஓட்டினோம், பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அந்தக் கொஞ்சம் பேர், நம் கதாநாயகன் குமாஸ்தாவைப் போலக் காதில் பென்சில் செருகிக்கொண்டு, தொடர் வேண்டும் என்று மழையில் சேனல் வாசலில் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களும் இந்தச் சேனல்காரர்கள்தான்.

ஆனால் இரண்டு எபிசோடுக்கு மட்டும் பணம் உண்டாம். நம்மேல் பாசத்தால் அல்ல. வெளியே ஒரு நிறுவனம் தொடரை மொத்தமாக வாங்கக் கேட்டிருக்கிறது. கதை முடிந்திருந்தால்தான் வாங்குவார்களாம். ஆகவே குமாஸ்தா மூன்று சீசனாகத் திறக்காத நாற்பத்தொன்றாம் எண் பெட்டியைத் திறந்து காட்டி, கடையை மூடிவிட வேண்டும். எழுத வேறொருவரை அமர்த்தியாயிற்று.

நிகழ்ச்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எடிட்டிங் அறையில் நீ அவருக்கு வைத்த 'கத்தரி' என்ற பெயர் இப்போது கேன்டீன் வரை பரவிவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் கன்டினியூட்டி பார்க்கிற என்னைப் போன்ற பெண்ணுக்கு அந்த மேசையில் நாற்காலி போட்டது அதுவே முதல் முறை. தண்ணீர் பாட்டிலைக்கூட அவரே திறந்து கொடுத்தார். "உங்க அண்ணன் உன்கிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டான்மா. அந்தப் பெட்டில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

அது உனக்கே தெரியாது என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். முதல் எபிசோடில் லைட்மேன் வோல்ட் அண்ணன் தன் ஸ்பேனர் பெட்டியை செட்டின் அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு குண்டூசி இடம் மாறினாலும் கண்டுபிடிக்க வேண்டிய நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்று ஷாட் எடுத்து முடித்துவிட்டோம். அது ஒளிபரப்பான அடுத்த வாரம், அந்தப் பச்சைப் பெட்டி யாருடையது என்று கேட்டு அறுபது கடிதங்கள். வேலை போனது என்று நினைத்தேன். நீ சிரித்தாய். ஒரு சீட்டில் 41 என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினாய். "முடிக்கிற அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் யார் கேட்டாலும் தெரிஞ்ச மாதிரி மூஞ்சியை வச்சுக்கோ" என்றாய்.

வைத்துக்கொண்டேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் உள்ளே எதையாவது போட்டுவிடுவார்கள். செத்துப்போன மனைவியின் புகைப்படம், பழைய காதல் கடிதம். மறுக்க யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்ல மறுக்கிறேன் என்று அவர்கள் நம்பும்வரை, அவர்கள் போட்டது விடையே இல்லை என்று நான் வெளியே போய்ச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். வாங்குகிறவர்களுக்கும் இருக்கும்.

அண்ணன் வந்து எழுதினால் திறக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "அவன் வரமாட்டான்" என்றார் கத்தரி. "அப்ப பெட்டியும் திறக்காது, சார்" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "மூஞ்சியைப் பாரு, பூட்டு மாதிரி" என்றார். இதுவரை என்னை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

கீழே செட்டுக்குப் போய்ச் சொன்னேன். மேக்கப் அக்கா பவுடர் டப்பாவை ஓங்கி வைத்தாள். "ரெண்டு எபிசோடுன்னா எங்களுக்குப் பதினோரு நாள் வேலைடி அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். கேட்கவில்லைதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "திறந்திருந்தா உன்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன். திறக்காததுக்கும் மன்னிக்கல" என்று சொல்லிவிட்டுப் பாதி டீயை எனக்கு ஊற்றினாள்.

வோல்ட் அண்ணன் ஏணி போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். வாசலில் காவலாளி மறித்து, சேனல் சொத்தை வெளியே கொண்டுபோகப் பாஸ் வேண்டும் என்றார். "யார் சொத்து? நாலு வருஷத்துக்கு முந்தின நோட்டை எடுய்யா" என்றார் இவர். எடுத்தார்கள். நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பக்கத்தில் இவர் பெயருக்கு நேராக, சொந்தப் பொருள், பச்சைப் பெட்டி ஒன்று என்று பதிவாகியிருந்தது. உள்ளே என்னென்ன என்பதும் அதற்கடுத்த வரியில் இருந்தது. காவலாளி சட்டென்று அந்த வரியைக் கையால் மறைத்தார். "நான் படிக்கல. படிக்கவும் மாட்டேன். மூணு சீசனும் பார்த்தவன் நான்" என்று நோட்டை மூடிவிட்டார். வோல்ட் அண்ணன், "நாலு வருஷமா பக்கத்து வீட்டுக்காரன் ஸ்பேனரை இரவல் வாங்கிட்டிருக்கேன், உங்க அண்ணனுக்கு எழுதினா இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை.

உன் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். கதை முடியாமல் நின்று, இரண்டு வருஷம் புது எபிசோட் வராவிட்டால் தொடரின் உரிமை உனக்கே திரும்பிவிடும். நம் குழுவில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்ற கோபத்தில் நீ போனதாக எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன் நீ. இந்தக் கதைக்கு மட்டும் அந்தப் பக்கம் உனக்குக் கிடைக்கவில்லை. அதனாலும்தான் போனாய் என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்காக எங்களிடமெல்லாம் பேசாமல் இருந்ததுதான் தப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவைக் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வாள், நம்பியது போல இரு. ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு, மோசமாக இருந்தாலும் சரி. நான் இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் தீராத,
தங்கை

எழுதிப் பதினெட்டு நாள் இதை அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இதற்கிடையில் நடந்தது: வாங்குவதாக இருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இரண்டு எபிசோடுக்கான ஒதுக்கீட்டைச் சேனல் ரத்து செய்தது. திங்கட்கிழமை செட்டைப் பிரித்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு வேலை இல்லை. தொடர் முடிக்கப்படவில்லை; உன் ஒப்பந்தத்தின் இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.