சத்தம் குறையாத வண்டி

ஊரையே எழுப்பிவிடும் என்னவனுக்கு,

எல்லைக்கு அந்தப் பக்கம், மிச்சோவாகனில் உன் அம்மா வீட்டில் குளிர் அதிகமா? இங்கே ஃப்ரெஸ்னோவில் திராட்சைத் தோட்டங்களின் மேல் மூடுபனி. அதற்குள் நடந்தால் தூக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கிறது.

எங்கள் ஸ்பானிஷ் வானொலியைக் கேட்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்களாம். "உன் காலை நிகழ்ச்சிய யாருமே கேக்கறதில்லம்மா" என்கிறார் மேலாளர் எவரிஸ்தோ. கணக்கெடுப்புக்காகச் சிலர் இடுப்பில் ஒரு கருவி மாட்டியிருப்பார்களே, அது சொல்கிற கணக்கு.

நேற்று நிகழ்ச்சியைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கே போனேன். பனிக்குள் முப்பது பேர் கொடிகளை வெட்டிக்கொண்டே ஒரே பாட்டை முணுமுணுத்தார்கள். நான் போட்ட பாட்டு! ரேடியோவை மட்டும் எங்கும் காணோம். பார்த்தால், எல்லார் காதிலும் இயர்போன்.

"சத்தமா வச்சா ரோட்டுல போற குடியேற்ற அதிகாரிக்கு நாம பேப்பர் இல்லாதவங்கன்னு தெரிஞ்சிடாதா? உன் வீட்டுக்காரர் வண்டிய நிறுத்தி அவர நாடு கடத்துன மாதிரி..." என்ற எவுலாலியா அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எவரிஸ்தோவிடம் சொன்னேன். "வெளிய வர்ற சத்தம்தான் அந்தக் கருவிக்குக் கேக்கும். காதுக்குள்ள பாடுறத எவன் எண்ணுவான்?" என்றார். மார்ச்சோடு நிகழ்ச்சி நிற்கிறது.

உன் வண்டி வாசலில்தான் நிற்கிறது. நான் பேருந்தில் போகிறேன். வண்டியைக் கிளப்பினால் ரேடியோவும் பாடத் தொடங்கிவிடும், அன்றைக்கு நீ வைத்திருந்த அதே சத்தத்தில். அதைக் குறைக்க மனசு வரவில்லை. அப்படியே ஓட்டிப் போகவும் தைரியம் வரவில்லை.

காலை ஆறு மணிக்கு
உன் காதோடு பேசுகிறவள்