வெஸிக்யூல் என்றால் பித்தப்பை அல்ல

அன்புள்ள மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது. உப்பளத்தில் நானும் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், அங்கே பிரான்ஸில் துலூஸில் நீயும் மாப்பிள்ளை மதிவாணனும் குழந்தை ஆதிரையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டது, ஆனால் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, அம்மா கோயிலுக்குச் சுற்றிக்கொண்டு போய்வந்து கால்வலிக்கு என்னைக் கோபித்துக்கொள்கிறாள். இதைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் அம்மா பாதியில் வாங்கிக்கொள்கிறாள், நானும் சொல்ல வந்ததை வரிசையாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

விஷயம் குழந்தையின் ஊசிதான். மூளைக்காய்ச்சலுக்கான முதல் ஊசி போட்ட அன்று அவளுக்குச் சுரம் அடித்ததும் நீ பயந்துபோய், மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படமெடுத்து அனுப்பி, உங்களுக்குத்தான் பிரெஞ்சு நல்லா தெரியுமேப்பா, உள்ள என்னா போட்டிருக்காங்கன்னு பாருங்க என்றாய். என் பிரெஞ்சு, பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீசில் கிரயப் பத்திரம் மொழிபெயர்த்த பிரெஞ்சு. எல்லை, வாரிசு, அடமானம் இவற்றைத் தாண்டினால் அது தடுமாறும். தாளில் வெஸிக்யூல் என்று ஒரு சொல் இருந்தது. அம்மாவுக்குக் கல் என்று பித்தப்பையையே எடுத்தபோது, தமிழ் படிக்கத் தெரியாத உன் மாமியாருக்குப் பிரெஞ்சில் எழுத வேண்டி அகராதியில் பார்த்த அதே சொல், வெஸிக்யூல் பிலியேர், பித்தப்பை. ஆகவே கிருமியின் பித்தப்பையிலிருந்து எடுத்தது போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா விடுவாளா? எனக்கே ஆகாதுன்னுதான் அறுத்து எடுத்தாங்க, பச்சப் புள்ளைக்குப் பித்தத்தை ஏத்துறாங்களா என்று உடனே உனக்குப் போன் போட்டு அழுதாள். நீயும் இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு தாளை மறுபடி படித்தேன். வெளிச்சவ்வின் வெஸிக்யூல் என்று இருக்கிறது. பித்தப்பைக்கும் வெளிச்சவ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று மனசு கேட்டது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் உன்னோடு படித்த செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். அவள் இப்போது அங்கே கிருமியியல் டாக்டர். நான் கேட்டதும், பாக்டீரியாவுக்கு லிவரே கிடையாதேப்பா, பித்தப்பையை எங்க வெச்சிக்கும் என்று சிரித்தாள், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். பிறகு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தவறு இருந்தால் என்னுடையது.

வெஸிக்யூல் என்றால் சின்னப் பை, அவ்வளவுதான். இந்தக் கிருமி தன் வெளித்தோலையே மொட்டு மாதிரிப் புடைக்கவிட்டுக் கிள்ளிக் கிள்ளி உதிர்க்கிறது, அந்த நுண்ணிய பைகளுக்குத்தான் அந்தப் பேர். பத்திரத்துக்கு நகல் எடுத்தால் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் நகலை வைத்து நிலத்தை விற்க முடியாதில்லையா, அப்படி இந்தப் பையில் கிருமியின் முகஜாடை இருக்கிறது, உயிர் இல்லை, பெருகாது. உண்மையான நோயில் இதே பை பொல்லாதது. கிருமி ரத்தத்தில் இதை ஏராளமாக உதிர்க்கிறது, நம் உடம்பின் எதிர்ப்புப் பொருள்கள் பையின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வீணாகின்றன. தெருநாய்க்கு எலும்பைத் தூக்கிப் போட்டுட்டுத் திருடன் உள்ள நுழையற மாதிரி என்றாள் செல்வி. தவிர, பையின் மேலிருக்கும் நச்சு உடம்பை வெறிகொள்ள வைக்கிறது, ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. காலையில் வெறும் சுரமாக இருந்த குழந்தை சாயங்காலம் கைமீறிப் போவது அதனால்தானாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஊசியில் இருப்பது அந்த நச்சைப் பெரும்பாலும் கழுவி எடுத்த பை. அதைப் பார்த்து உடம்பு கிருமியின் முகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சம் நச்சு உடம்பைத் தட்டி எழுப்புகிறது, இந்த ஊசிக்குச் சுரம் கூடுதலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம், பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போ சுரம் வந்தா ஊசி நல்லா புடிச்சிருக்குன்னு அர்த்தமா என்று கேட்டாள். அப்படியும் இல்லையாம், சுரம் வராத பிள்ளைக்கும் பாதுகாப்பு உண்டாம். அதற்கு அம்மா, பத்திரம் எழுதற மனுஷன் பத்திரத்தோட நின்னிருக்கலாம் என்றாள். பிறகு, போடச் சொல்லு, ஊசி அன்னிக்கு நான் போன்ல அழுதாலும் கண்டுக்காதேன்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

தள்ளிப்போன ஊசியைத் தொடர்ந்து போட்டால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டாம் என்கிறாள் செல்வி. ஆனாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள். போன தடவை சுரம் வந்ததைச் சொல், பாராசிட்டமால் எவ்வளவு, எப்போது என்று அவர் சொன்னபடி கொடு, நீயாகக் கொடுக்காதே. குழந்தை துவண்டு போனாலோ உடம்பில் ஊதாப் புள்ளி கண்டாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. எங்களுக்குப் பிறகு சொல்லலாம்.

எதையும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை, உனக்கே தெரியும். இதை மட்டும் சொல்கிறேன்: நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்து தேதி வாங்கு. நான் தப்பாகப் படித்த ஒரு சொல்லுக்காகக் குழந்தை இனி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சக்கரபாணி
உப்பளம், புதுச்சேரி