எர்த் இல்லாத காபி மெஷின்

அக். 3, சனி

காலையிலிருந்து தூறல். தசரா கூட்டம் இன்னும் மைசூரை விட்டுப் போகவில்லை. நஞ்சன்கூடு பஸ்ஸில் ஒற்றைக் காலில் பயணம். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு ஃபாக்டரி திறந்ததும் முதல் புகார் கேன்டீன் காபி மெஷின். பட்டனை அழுத்தினால் உர்ரென்கிறது, வெறும் வெந்நீர் வருகிறது. பவுடர் தள்ளும் மோட்டார் இறுகிக் கிடக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவிய கையோடு ஹோஸ் பைப்பை இந்த மெஷின்மேலும் பிடித்தவன் நான்தான். இருபது வருஷ எலக்ட்ரீஷியன் செய்கிற வேலையா இது! பளபளவென்று ஆனதும் குங்குமம் வைத்து மாலையும் போட்டேன். பூட்டிக் கிடந்த இரண்டு நாளில் பால் பவுடர் ஈரம் குடித்து சிமெண்டாகிவிட்டது.

அக். 4, ஞாயிறு

மழை. ரேஷன் மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன். வீட்டில் கமலாவுக்குக் கோபம்.

அக். 5, திங்கள்

மோட்டாரைக் கழற்றியாயிற்று.
– பவுடர் தள்ளும் திருகு வெந்நீரில் ஊறல், ஒரு மணி நேரம்
– குச்சியால் சுரண்டல். நகம் போயிற்று
– அச்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய்
– நூறு வாட் பல்பு அடியில் காய வைத்தல்

சாயங்காலம் கையால் சுற்றினால் சுற்றியது. சந்தோஷம் ஐந்து நிமிஷம். மாட்டி சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போயிற்று. மாற்றினேன், மறுபடியும் போயிற்று. மீட்டர் வைத்துப் பார்த்தால் உள்சுருளில் ஈரம், கரண்ட் மெஷினின் தகரத்துக்குக் கசிகிறது. புது மோட்டார் பெங்களூரிலிருந்து வர பத்து நாளாம்.

அக். 6, செவ்வாய்

ஆபீசர் கூப்பிட்டார். "வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்லேந்து வர்றாங்க. ஏனாதரூ மாடி." எதையாவது செய்து ஓட்டு, அவ்வளவுதான் அவர் கணக்கு. ஈரம் எப்படி உள்ளே போனது என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். கேட்கவில்லை. அந்த நிம்மதியிலேயே சரி சார் என்றுவிட்டேன்.

பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றினேன். பியூஸ் போகாமல் நின்றது. மெஷின் ஓடியது. காபி நன்றாகவே இருந்தது.

தெரியாதவனா நான்? கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் அந்த வயர். இனி அது தகரத்திலேயே நிற்கும், யாராவது தொடும்வரை.

அக். 7, புதன்

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள் செல்வி. கௌதள்ளி என்ற கிராமத்துக்காரி. புருஷன் கொத்து வேலை, இரண்டு பெண் குழந்தைகள். மத்தியானம் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, மிசினைத் தொட்டா கை சுருக்குங்குதுங்க. எறும்பு கடிச்சாப்புல."

"ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டே தொடும்மா. கழட்டவே கூடாது, புரிஞ்சுதா?"

"செரிங்ண்ணா."

ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் ஹோஸ் பைப் வரை போகும்.

ராத்திரி கமலா, "சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, என்ன?" தலைவலி என்றேன்.

அக். 8, வியாழன்

பெரிய மனிதர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ஆபீசர் முதுகில் தட்டினார். 'ரிப்பேர்' என்று போர்டு மாட்டி மெஷினை நிறுத்திவிடலாம் சார் என்றேன்.

"ஓடற மெஷினுக்கு எதுக்கு போர்டு?"

போர்டு மாட்டாமலே திரும்பினேன். நல்ல மழை. கேன்டீன் தரையெல்லாம் ஈரக் கால் தடம். மனசு சரியில்லை.

அக். 9, வெள்ளி

பஸ் லேட். உள்ளே நுழையும்போதே கேன்டீன் வாசலில் கூட்டம். கீழே செல்வி. சமையல் மாஸ்டர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறார். மூச்சு இருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

மாஸ்டர் சொன்னது: வெள்ளிக்கிழமை என்று தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு வந்திருக்கிறாள். மெஷினுக்குக் குங்குமம் வைக்கப் போயிருக்கிறாள். பூஜை போட்ட மெஷின் இல்லையா, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள். நெற்றிக்கு வைப்பதுபோல வலது கையால் தொட்டிருக்கிறாள். கை ஒட்டிக்கொண்டது.

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதே மெஷினுக்கு மாலை போட்டபோது நானும் செருப்பைக் கழற்றித்தானே நின்றேன்!

ஜீப்பில் ஏற்றி மைசூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் ஜீப் பின்னால் ஓடினார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிளக்கைத் திறந்து, எர்த் வயரைத் திரும்ப மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. கை நடுங்கவில்லை. நினைத்தால் என்மேலேயே பயமாக இருக்கிறது.

அக். 10, சனி

வெயில். ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. உயிருக்குப் பயமில்லை. வலது கை முழுக்கக் கட்டு. இரண்டு விரல் பற்றி இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஆபீசர் கட்டில் பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக. எப்படி நடந்தது என்று அவளைக் கேட்டார்.

"அண்ணன் அப்பவே சொன்னாருங்க, செருப்பைக் கழட்டாதேன்னு. நாந்தானுங்க கேக்கல. எம்மேலதானுங்க தப்பு."

அவள் புருஷன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க அவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணிப்போட்டாளுங்க."

ஆபீசர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தீங்களா?"

"சொன்னேன் சார்" என்றேன்.