அக்கா பேசக் கூடாத பேச்சு

நெயாஃபு, வவாவு தீவு
ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து எழுதுவது

அன்புள்ள தம்பி சித்திவேனிக்கு,

அக்கா லோசலின் எழுதிக்கொள்வது. உன் பெண்டாட்டி தோவாகசேயும் பிள்ளைகளும் சுகம். பன்றி குட்டி போட்டிருக்கிறது. நான் வேலை பார்க்கும் கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வழக்கம்போல வாய்ச்சண்டைதான். எல்லோரும் நலம் என்று எழுதி முடித்துவிடலாம், ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை.

போன வாரம் போனில் உன் நெஞ்சைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதுமே, "அக்கா, இதெல்லாம் நீங்க எங்கிட்ட பேசற பேச்சா? வெக்கமா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. சரி, கடிதத்தை அப்படி வைக்க முடியாதே! உன்னோடு வேலை செய்யும் ஃபிலிமோனே விடுப்பு முடிந்து, கடல் கடந்து உங்கள் திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்புகிறான். இதை அவன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முறை எனக்கும் தெரியும். உனக்கு மீசை அரும்பியதுமே அப்பா உன்னைத் தனிக் குடிசையில் படுக்கவைத்தார். அன்றிலிருந்து நாம் சேர்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. கூடப்பிறந்த ஆணின் உடம்பைப் பற்றிப் பெண் வாய் திறக்கக் கூடாது, அவனும் அவளிடம் சொல்லக் கூடாது. நான் ஒரு நாளும் இதை மீறியதில்லை. அதனால் வந்த கூத்தைக் கேள்.

கொஞ்ச நாளாகவே படகுத்துறை மேடு ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ஃபூசி, "கூடப் பொறந்தவங்க யாருக்காவது இதயக் கோளாறு இருக்கா?" என்று கேட்டாள். "எங்க அண்ணனும் தம்பியும் காளை மாடு மாதிரி" என்று மார்தட்டிச் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்றாள்.

நேரே லவீனியா அண்ணியிடம் போய் நின்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மோசேசே அண்ணன் ஆக்லாந்துக்குப் போனது முதுகுவலி வைத்தியத்துக்கு இல்லையாம். மாரடைப்பாம், நெஞ்சைத் திறந்து ஆபரேஷனாம். அவர் திரும்பி வந்தபின் சிகரெட்டை விட்டதையும், உப்பு மாட்டிறைச்சி டின்னைத் தொடாததையும் பார்த்து, அண்ணனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்! காவா வேர்ச்சாறு குடிக்க உட்காரும் ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். கூடப்பிறந்தவளுக்கு மட்டும் தெரியாது. மரியாதையாம் மரியாதை! அன்று ஆத்திரத்தில் வாய்விட்டு அழுதேன்.

அழுதது போதும் என்று அண்ணனிடமே போய், எந்த வயதில் வந்தது என்று கேட்டேன். மனுஷன் பலாமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் நகரவில்லை. கடைசியில் மரத்திடம் சொல்வதுபோல, "நாப்பத்தி நாலு" என்றார். பிறகு, "தம்பியையும் பாக்கச் சொல்லும்மா" என்றார்.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, ரத்தத்தில் கொழுப்பும் அதிகம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறேன். அண்ணனுக்கு இவ்வளவு சின்ன வயதில் வந்திருப்பதால், கூடப்பிறந்தவர்கள் ஒரு தொந்தரவும் இல்லையென்றாலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாமே பார்க்க வேண்டுமாம். சிகரெட்டை இன்றே விட வேண்டுமாம்.

உனக்குத் தொந்தரவே இல்லை என்றுதானே சொல்லப் போகிறாய்? ஃபிலிமோனே என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டான். கொடி வெட்டிக்கொண்டிருக்கும்போது பாதி வரிசையில் கத்தரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். இடது கையைத் தேய்த்துக்கொள்கிறாயாம். கேட்டால் "வெயிலு" என்கிறாயாம். அங்கே இப்போது பல் கிட்டுகிற குளிர், அதில் என்னடா வெயில்? ரக்பியில் முன்வரிசையில் முட்டினவன் என்று பீற்றிக்கொள்ளாதே, அண்ணனும் அதே வரிசையில் முட்டினவர்தான். நோய் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமா? அனுப்பினால் அனுப்பட்டும். சேம்பும் வள்ளியும் போட நமக்கு நிலம் இருக்கிறது.

பாதிரியார் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி ஒடம்பப் பத்தி ஊர்ல பேசிக்கிட்டுத் திரியறியாமே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். "அவன் செத்தப்புறம் பேசினா நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பெண்கள் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. இருக்கட்டுமே, கால் நீட்ட வசதி.

முறை முறை என்கிறாயே, முறைப்படியே வருகிறேன். நம் ஊரில் சகோதரி வாக்குக்கு ஆண் எதிர்வாக்குச் சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்த அதிகாரத்தை வைத்து உன்னிடம் ஒரு மீன்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இதைப் படித்ததும் எழுந்து ஃபிலிமோனேயோடு டாக்டரிடம் போ, நாளைக்கு என்று தள்ளாதே. நெஞ்சில் பாரமாக வலித்தால் வேலையையும் வெட்கத்தையும் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. டாக்டர் என்ன சொன்னாலும் அதை என்னிடம் உன் வாயால் சொல். நானும் வெட்கப்பட மாட்டேன், நீயும் வெட்கப்படாதே.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக.

இன்னும் ஒன்று. அப்பன் கண்ணை மூடிவிட்டால், துக்கத்துக்கு மகளின் கூந்தலை வெட்ட வேண்டியவள் அத்தை. அதுவும் நம் முறைதான். உன் மகள் சியாலேக்கு முடி இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்று காலை தேங்காயெண்ணெய் தடவி நான்தான் பின்னிவிட்டேன். என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடாதேடா.

இப்படிக்கு,
உன் அக்கா,
லோசலின்