நாற்காலி மட்டும் போய்வந்த ஞாயிறு

மே 11, ஞாயிறு

காலையிலேயே வெயில். கம்பெனியில் ஓ.டி. மூன்று மணிக்குத்தான் விட்டார்கள். வீட்டில் அவர் தூக்கம். வாரம் முழுக்கச் சென்னையில் வேலை, ஞாயிறு தூங்கத்தான் ஆம்பூர் வருகிறார். மகள் ஆயிஷா பாயில் குப்புறப்படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மீன்.

அவளுடைய சக்கர நாற்காலி வாசலில். காலையில் நான் வைத்த இடம் அது இல்லை.

கால் வைக்கும் தட்டு கீழே இறங்கியிருக்கிறது. ஆயிஷாவுக்குப் பத்து வயது, கால் எட்டாது என்று எப்போதும் மேலேயே வைத்திருப்பேன். யாரோ உயரமான ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பிடியில் பிசுபிசுப்பு. பஞ்சுமிட்டாய். சக்கரத்தில் செம்மண், எங்கள் தெருவில் ஏது செம்மண்?

ஷூவில் ஒரு தையல் விலகினாலும் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. க்யூ.சி.

"யாரு இதுல உக்காந்தது?"

"தெரியல அம்மி." தலை நிமிரவில்லை.

அவரை எழுப்பினேன். "மேல் வீட்டு சாந்தி வந்துச்சு. காத்து அடிச்சினு வர்றேன்னு எடுத்துனு போச்சு."

காற்றா? இது கெட்டி ரப்பர் சக்கரம். காற்றே கிடையாது.

மே 12, திங்கள்

புழுக்கம். வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை.

கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் வேலூர் பொருட்காட்சியைப் பற்றிப் பேச்சு. கண்ணாடிக் குகையாம், தலைக்கு மேலே மீன் நீந்துமாம். வரிசை ரோடு வரைக்கும். "சேர்ல வர்ற பசங்களுக்குத் தனி வழி. அதுக்கோசரம் நல்லா இருக்கற பசங்களயே சேர்ல வச்சு தள்ளினு வர்றாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாந்தியின் மகள் பவி. பதின்மூன்று வயது, நல்ல உயரம்.

சாயங்காலம் மாடிப்படியில் பவி என்னைப் பார்த்ததும் வந்த வழியே ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சாந்தி ஒரு கிண்ணம் கேசரியோடு வந்தாள். "சும்மா தான் ஷமீம், ஜாஸ்தியா செஞ்சிட்டேன்." சும்மா ஒருத்தி திங்கட்கிழமை கேசரி செய்வாளா?

கேட்கவில்லை. நான் வேலைக்குப் போனால் பகல் முழுக்க ஆயிஷா அவளிடம்தான். சண்டை போட்டால் நாளைக்கு யாரிடம் விடுவது? இந்தத் தைரியத்தில்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

கேசரியை நான் தொடவில்லை. ஆயிஷா முழுக்கச் சாப்பிட்டாள்.

சைக்கிள் பூட்டு ஒன்று வாங்கினேன். நாற்காலியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டியாயிற்று. சாவி என் பையில்.

மே 15, வியாழன்

அரிசி, சோப்பு, ஆயிஷாவுக்கு வலி மருந்து. மறக்கக் கூடாது.

வேலூர் மீன் குகைக்குப் போகணும் என்று ஆயிஷா ஆரம்பித்தாள். போன வருஷம் ஒரு பூங்கா, வாசலில் சுற்றும் இரும்புக் கம்பி, நாற்காலி நுழையவில்லை. அதற்கு முன்னால் ஒரு படகுத்துறை. அங்கே படிக்கட்டு. இரண்டு தடவையும் வாசலோடு திரும்பினோம்.

"இது உள்ள போவும் அம்மி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போஸ்டர்ல போட்டிருக்கு."

போஸ்டரை இவள் எங்கே பார்த்தாள்? அப்படிச் சொல்லு என்று சாந்தி சொல்லிக்கொடுத்திருப்பாள், தான் செய்தது தெரிந்துபோகாமல் இருக்க. அவரும் ஃபோனில், "ஒரு தடவ கூட்டினு போயேன்" என்கிறார். எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மே 18, ஞாயிறு

ஆயிஷா விடவே இல்லை, போனோம். நானும் ஆயிஷாவும் மட்டும். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

பஸ்ஸில் நாற்காலியை மடக்கி வைக்க கண்டக்டரோடு தகராறு. மைதானம் முழுக்கச் செம்மண். சக்கரத்தைப் பார்த்தேன், ஆயிஷாவைப் பார்த்தேன். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனி வழி என்று பலகை இருக்கிறது. அங்கே விசில் தொங்கவிட்ட ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும். எங்களை நிறுத்தினார்.

"இந்த வண்டி போன வாரமே வந்துச்சும்மா. வேற பொண்ணு உக்காந்திருந்துச்சு. வெளிய போனதும் எழுந்து நடந்து போச்சு. நான் பாத்தேன்."

எனக்கு முகம் எரிந்தது. ஃபோனில் இருந்த அடையாள அட்டையைக் காட்டினேன்.

"போட்டோ யார் வேணா காட்டலாம். டெய்லி இதே பேஜாரா போச்சு. பாப்பாவ கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் ஆயிஷா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவளால் நிற்க முடியும். அதற்கு மேல் முடியாது.

வரிசையில் ஒரு பெண் குரல்: "நல்லா தான நிக்குது."

முழங்கால் இரண்டும் உதற, தொப்பென்று உட்கார்ந்தாள். நான் நாற்காலியைத் திருப்பிவிட்டேன். சாந்தியை என்ன கேட்பது என்று மனசுக்குள் வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆயிஷா சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நகரவில்லை.

"போன வாரம் வந்தது பவி. என் தோஸ்த்து. நான்தான் அனுப்பினேன்."

அந்த ஆள், "எதுக்கு?"

"சேர் உள்ள போவுதா பாக்க. ப்ளூ லைட் போட்ட இடத்துல ஒயர் மேல கட்ட போட்டு மூடி வச்சிருக்கீங்களாம். முன் சக்கரம் மாட்டிக்கிச்சாம். ஒருத்தர் தூக்கி விட்டாராம்."

அவர் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "நான்தான் தூக்கினேன்" என்றார்.

"ஒரு வாரம் ஆச்சே அங்கிள். கட்டைய எடுத்துட்டீங்களா?"

கேட்டைத் திறந்தார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். ஏன் வருகிறார்? பணம் கேட்பாரோ, மறுபடி நிற்கச் சொல்வாரோ? நீல விளக்கு வந்ததும் முன்னால் போனார். கட்டைக்கு இந்தப் பக்கம் பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே ஒரே கூட்டம். ஆயிஷாவின் உயரத்துக்கு எல்லோருடைய முதுகும் இடுப்பும்தான். மீன் எங்கே தெரியும்? அவள் கவலைப்படவில்லை. "நேரா போ அம்மி. கடைசி வளைவுல கண்ணாடி தரை வரைக்கும் இருக்காம்."

இருந்தது. அகலமான திருக்கை மீன் ஒன்று வந்து கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக நின்றது. இவள் மூச்சே விடவில்லை. அது போன பிறகு, "அதுக்கு வாய் கீழ இருக்கு அம்மி" என்றாள், ரகசியம் போல. நான் மீன் அதிகம் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்வ."

சரிதான். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "வாசல்லருந்து திரும்பி வர்றப்போ நீ முந்தானைய வாய்ல வச்சினு அழுவ. எனக்குத் தெரியாதுன்னு நினைப்ப. அதான் மொதல்ல பவிய அனுப்பினேன்."

மே 19, திங்கள்

காலையில் சாந்தியிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உம் பொண்ணு சத்தியம் வாங்கிட்டா ஷமீம். இன்னா பண்ண சொல்ற?" அப்புறம் குரல் இறங்கியது. "நான்தான் தள்ளினு போனேன். வழி முழுக்க எல்லாரும் பவிய ஒரு மாதிரி பாத்தாங்க. ஒரு நாளுக்கே எனக்குத் தாங்கல."

பரிதாபப்படுகிறாளோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. கிண்ணத்தைக் கொடுத்தேன், கேசரி நன்றாக இருந்ததாம் என்றேன்.

கம்பெனியில் இரண்டு ஜோடி தப்பு ஷூ என் கண்ணில் படாமலே போயிருக்கிறது. சூப்பர்வைசர் திட்டு.

ராத்திரி சாப்பிடும்போது ஆயிஷாவிடம், "அடுத்து எங்க போலாம், நீயே சொல்லு" என்றேன். சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். நான் ஷூவைப் பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு கேக்குற?"