பீப் சத்தம் போடுகிற ரெக்கார்டர்

என் அன்பான என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போதும் வாய் வரவில்லை. களைப்பாக இருக்கிறது. மூன்று நாளாக உங்கள் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விழுப்புரத்தில் ஞாயிறுதோறும் உங்களிடம் படித்த பார்வையற்ற பிள்ளைகள் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இனிமே பாடத்த நாங்களே படிச்சி பதிவு பண்ணிக்கினாதான் ஆச்சி. ஈசியான ரெக்கார்டர் எதுன்னு நீங்கதான்க்கா சொல்லணும்" என்று விக்கிரவாண்டி செல்வி போனில் கேட்டாள். எனக்கும் கண் தெரியாது, உங்கள் அளவுக்குக் கணினியும் வராது. திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைக் கேட்பேன்?

லேப்டாப்பில் முதலில் போட்ட ரெக்கார்டர் மென்பொருள் கண் உள்ளவர்களுக்கென்றே செய்தது. திரையைப் படித்துச் சொல்லும் நம் கணினி அம்மா, "பட்டன், பட்டன், பட்டன்" என்றாள். எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை. இரண்டாவதில் பதிவு ஆனது. அதை வெளியே எடுத்து அனுப்புவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

மூன்றாவதைத் தொடவே பயமாக இருந்தது, உங்கள் பழைய ரெக்கார்டரைப் போல இதுவும் கைவிட்டுவிடுமோ என்று. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பதிவு செய்து கொடுத்த பாடங்களுக்கு நடுவே அந்த அம்மா குரலும் பதிவாகிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெட்போன் மாட்டச் சொன்னால், "ரெண்டு காதையும் அடச்சிக்கினா வாசல்ல யார் வர்றாங்கன்னு எப்டி தெரியும்?" என்றீர்கள். "அப்ப அந்தம்மா வாய மூடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். மூடிவிட்டு, பிரெயில் தாள்களைத் தடவித் தடவி இரண்டு மணி நேரம் படித்தீர்கள். பழைய பதிவைச் சேமிக்கவா என்று ஒரு கேள்வி திரையில் நின்றிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. பதில் கொடுக்காததால் புதுப் பதிவு தொடங்கவே இல்லை, ஒரு சொல்லும் பதிவாகவில்லை.

"வுடு விஜி, நாளைக்கிப் படிச்சிக்கலாம்" என்றீர்கள். மறுநாள் காலை மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். என் மேல் கோபம் இருந்ததா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்றாவது நல்லது. ஒரு கீயை அழுத்தினால் பீப் என்கிறது, பதிவு தொடங்குகிறது. மறுபடி அழுத்தினால் இரண்டு பீப், தானே சேமித்துக்கொள்கிறது. கேள்வியே கேட்பதில்லை. இதையே செல்விக்குச் சொன்னேன்.

"பீப் வந்தா போதுமாக்கா?"

"வராம வாயத் தொறக்காத."

இன்று உங்கள் தாள்களை எடுத்து, விட்டுப்போன அந்தப் பாடத்தை நானே படித்தேன். முதல் பக்கத்திலேயே அந்த அம்மா, "பேட்டரி குறைவு" என்று குறுக்கே பேசினாள். நான் நிறுத்தவில்லை. பிள்ளைகள் சிரித்துக்கொள்ளட்டும்.

மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன். அவள் வாயை மட்டும் இனி மூடவே மாட்டேன்.

உங்கள் பெண்டாட்டி,
விஜயா